மொட்டைமாடி அறைக்கு எந்த கூலர்?

கேள்வி: மகனுக்காக வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, நடுத்தர விலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, ஏசி கிடையாது. ப்ராசஸரோடு பெட்டியில் வரும் கூலரே போதும் என்கிறார் கடைக்காரர். லிக்விட் கூலர் வாங்கச் சொல்கிறார் உறவினர். 2,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. என்ன செய்யலாம்? — வேலூர் வாசகர்

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் உங்கள் அறையைப் பார்க்கவில்லை.

எந்த கூலராக இருந்தாலும், அது காற்றால் இயங்கினாலும் தண்ணீரால் இயங்கினாலும், ப்ராசஸரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை. அதனால் அறை எவ்வளவு சூடோ அதற்கு மேல்தான் ப்ராசஸரின் கணக்கு தொடங்கும். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து, முழு வேலை கொடுத்தபோது 72 டிகிரி வந்தது என்று காட்டுகிறார் என்று வையுங்கள். அறை வெப்பத்தைவிட 51 டிகிரி அதிகம். சித்திரை வெயிலில் உங்கள் மாடி அறை 37 டிகிரியில் இருந்தால், அதே கூலர் அதே வேலைக்கு 88ஐத் தொடும். 5600க்கு, அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 90. அதை நெருங்கினால் ப்ராசஸர் எரிந்துவிடாது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீடியோ ரெண்டர் ஆக, அதாவது எடிட் செய்தது முழு வீடியோவாக உருவாக, நேரம் கூடும், ஃபேன் ஓயாமல் இரையும். கூலர் விமர்சனம் எதைப் பார்த்தாலும் அறை வெப்பம் எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் அந்த எண் உங்களுக்கு உதவாது.

5600 அதிகம் சூடாகும் ரகம் அல்ல. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேலையில் சுமார் 76 வாட் வரை இழுக்கும். அதோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மி.மீ. உயரமுள்ள அலுமினியக் கட்டி, மேலே ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். பில் போடுவது, பாடம் படிப்பது, படம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு அது வேலூரிலும் தாங்கும். ஒரு மணி நேரம் விடாமல் ரெண்டர் ஓடும் கம்ப்யூட்டருக்கு, ஏசி இல்லாத மாடி அறையில், நான் அதை நம்பமாட்டேன்.

உங்கள் பணத்துக்குள் வருவது 120 மி.மீ. ஃபேனும் நான்கு ஹீட் பைப்பும் உள்ள டவர் கூலர், அதாவது மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிக் கோபுரம்போல் நிற்கும் கூலர். ஹீட் பைப் வெறும் செம்புக் கம்பி இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நீரை விட்டு மூடிய குழாய் அது. அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே ஆவியாகும். ப்ராசஸர் பக்கம் ஆவியாகி, தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவரின் நுண்துளைகள் வழியே மறுபடி அடிக்கு வரும். மின்சாரமே இல்லாமல் இந்தச் சுற்று நடக்கிறது. திடச் செம்பைவிடப் பல மடங்கு வேகமாக இது சூட்டைக் கடத்தும்.

டீப்கூல் ஏஜி400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ இரண்டும் இந்த வகைதான். கையில் கிடைப்பதை, அன்றைய விலை குறைவாக இருப்பதை வாங்குங்கள். 5600க்கு இரண்டுக்கும் நடுவே நீங்கள் உணரும்படியான வித்தியாசம் இருக்காது. வண்ண விளக்குக்காகக் கூடுதலாகத் தருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

லிக்விட் கூலர் வேண்டாம். இந்த விலையில் நல்லது கிடைக்காது. விலை குறைந்த 120 மி.மீ. லிக்விட் கூலர் ஒரு நல்ல டவர் கூலரைத் தாண்டுவது அரிது. பம்ப் நின்றால் மொத்தமாக மாற்ற வேண்டும். டவரில் ஃபேன் மட்டும்தான் பழுதாகும். வேறு 120 மி.மீ. ஃபேனை மாட்டிக்கொள்ளலாம்.

வாங்குமுன் கேபினட்டைப் பாருங்கள். ஏஜி400 உயரம் 150 மி.மீ., அசாசின் எக்ஸ் 148. உங்கள் கேபினட் எவ்வளவு உயர கூலரை ஏற்கும் என்று அதன் விவரத்தில் இருக்கும். ஒல்லியான கேபினட்டாக இருந்தால் பக்கக் கதவு மூடாது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்குவதாக இருந்தால் இந்த அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். திருப்பிக் கொடுக்க மறுபடி வேலூரிலிருந்து அலைய முடியாது.

கேபினட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்தால் எந்த கூலரும் மூச்சுத் திணறும். கிராபிக்ஸ் கார்டு விடும் சூட்டையே அது திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்பக்கம் வலை, முன்னால் காற்றை இழுக்க ஒரு ஃபேன், பின்னால் தள்ள ஒரு ஃபேன். இதில் கை வைத்துப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். கூலரின் ஃபேனும் அதே திசையில், பின்பக்கம் பார்த்து ஊத வேண்டும்.

இப்போதைக்குப் பெட்டி கூலரை மாட்டிவிட்டு, வெயில் வந்ததும் மாற்றலாமே என்று தோன்றும். உங்கள் பி550 போன்ற ஏஎம்4 சாக்கெட் போர்டில் அது சிக்கலான யோசனை. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் இறுகியபின் கூலரை நேராக இழுத்தால், ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும். அடியில் உள்ள ஊசிக் கால்கள் வளைந்த ப்ராசஸரோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. என்றாவது கழற்ற நேர்ந்தால், பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, கூலரை மெல்ல இடதும் வலதுமாகத் திருப்பித் தளர்த்திய பிறகே தூக்குங்கள். புதிதாகச் சேர்க்கும்போதே டவரை மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பெட்டி கூலரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அவசரத்துக்கு உதவும்.

மாட்டும்போது, போர்டின் மேல் இருக்கும் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டியிருக்கலாம். அப்போது பின்புறம் உள்ள உலோகத் தகடு கழன்று விழும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலான டவர் கூலர்கள் அதையேதான் பிடித்து நிற்கும். கூலரின் அடியில் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்தே ஆக வேண்டும். உரிக்காமலே மாட்டி, "புது கம்ப்யூட்டர் கொதிக்கிறது" என்று எடுத்துவந்த ஒன்றை நானே திறந்து பார்த்திருக்கிறேன். தெர்மல் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். திருகுகளை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபேன் வயரை போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கேபினட் கதவை மூடி, நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபென்ச் சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரில் அதைக் கவனியுங்கள். 80க்குள் நின்றால் நிம்மதியாக இருங்கள். 85ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது காற்று போக வழியில்லை. பிரவுசரைத் திறந்தாலே வெப்பம் சட்டென்று பத்து டிகிரி ஏறி இறங்கும். அது ரைசனின் சுபாவம், பயப்பட வேண்டாம். அதற்கெல்லாம் ஃபேன் இரைந்தால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 60 டிகிரி வரை மெதுவாகவும் 80ல் முழு வேகமாகவும் சுற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாடி அறையில் தூசி சீக்கிரம் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகடுகளுக்கு நடுவே ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் அதன் பேரிங் கெட்டுவிடும்.