மூன்றாம் நாளே செத்துப்போகும் தங்கமீன்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம் ஐயா. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மகளுக்கு இரண்டு தங்கமீனும் கண்ணாடிக் கிண்ணமும் வாங்கினோம். மூன்றாம் நாள் இரண்டும் செத்துவிட்டன. ஓரடித் தொட்டி, மோட்டார், நீல மருந்து எல்லாம் ஒரே செட்டாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? அம்மா வீடு இருக்கும் எஸ்டேட் கிணற்றுத் தண்ணீரை ஊற்றலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. மீன் செத்தது நோயால் அல்ல, அநேகமாக அதன் கழிவால். செவுள் வழியே அது அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். கிண்ணத்தில் அது போக வழியில்லை. அந்த நச்சுக்கு நீல மருந்து என்ன செய்யும்? 'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்பதும் வியாபாரப் பேச்சு. இரட்டை வால் தங்கமீனே அரையடி வளரும். கிண்ணத்தில் மீன் விற்பதை யாரும் கேட்பதில்லை. மீன் செத்தால்தானே அடுத்த வாரமும் வியாபாரம்!

இரண்டு மீனுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரம். ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். பழைய தொட்டி போதும், ஒழுகாமல் இருந்தால் சரி. மேலே வைக்கும் டாப் ஃபில்டர் வாங்குங்கள். மணிக்கு 1000 லிட்டர் மோட்டார். தண்ணீர் கண்ணாடியில் பட்டு விழட்டும், இரட்டை வால் மீன் வேகமான ஓட்டத்தில் தவிக்கும். நம் வெக்கையில் தண்ணீரில் காற்று குறைவு, அதனால் ஏர் பம்பும் வேண்டும். ஹீட்டர் வேண்டாம்.

ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவாதீர்கள். அதில் பழுப்பாக, மண்வாசனையோடு ஒட்டியிருப்பதில்தான் அமோனியாவைத் தின்னும் கிருமிகள் இருக்கின்றன. தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை ஒரே மீன், கொஞ்சமாகத் தீனி, இரண்டு நாளுக்கொரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றம்.

குழாய்த் தண்ணீர் என்றால் ஒவ்வொரு முறையும் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து விடுங்கள். கிணற்றுத் தண்ணீருக்கு அது தேவையில்லை, ஆனால் அதை அப்படியே ஊற்றக்கூடாது. இறைத்த தண்ணீரில் காற்று குறைவாக இருக்கும். வாளியில் ஒரு நாள் ஏர் பம்பை ஓடவிடுங்கள். புளிப்புத்தன்மை அதிகமாகவும் இருக்கலாம். தாளை நனைத்துப் புளிப்பைப் பார்க்கும் பிஎச் சோதனை கடையில் கிடைக்கும். ஆறரைக்குக் கீழே காட்டினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கிணற்றைச் சுற்றிச் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) களைக்கொல்லி அடித்திருந்தால், மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். எப்போது அடித்தார்கள் என்று அம்மாவிடமே கேளுங்கள். எஸ்டேட் நிர்வாகத்திடம் கேட்டால் பதில் வர மாதமாகும்.