கொரிய மொழி தெரிந்தவருக்குக் கோசா மொழி சுலபமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்கள் நடத்தும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்தேன். கொரிய மொழி ஓரளவு பேசுவேன், படிப்பேன். அடுத்த மாதம் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரத்துக்குப் போகிறேன், இரண்டு வருட ஒப்பந்தம். அங்கே தொழிலாளர்களில் பெரும்பாலோர் கோசா மொழி பேசுவார்களாம். கொரியம், கோசா இரண்டுமே ஒட்டுநிலை மொழிகள் (வேர்ச்சொல்லோடு சின்னச் சின்ன ஒட்டுகளைச் சேர்த்துச் சொல்லை அமைப்பவை) என்று படித்தேன். அப்படியானால் எனக்குத் தெரிந்த கொரியம் கைகொடுக்குமா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: காதுக்கும் வாய்க்கும் கொரியம் உதவும். இலக்கணத்துக்கு அதை நம்பாதீர்கள், அங்கே உங்களுக்குத் துணை வரப்போவது தமிழ்தான்.

இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் என்பது உண்மை, ஆனால் எங்கே ஒட்டுகிறது என்பதைப் பாருங்கள். கொரியத்தில் எல்லாம் பின்னால் ஒட்டும். ‘ஜிப்-எ காயோ’ என்றால் வீட்டுக்குப் போகிறேன். நம் ‘க்கு’ நிற்கும் இடத்தில் அவர்களுடைய ‘எ’ நிற்கிறது, வினை கடைசியில் வருகிறது. ‘நேகா சான் சேக்’ என்பதை வார்த்தை வார்த்தையாக மாற்றினாலே ‘நான் வாங்கிய புத்தகம்’ கிடைத்துவிடும், எதையும் இடம் மாற்ற வேண்டாம். நீங்கள் கொரியத்தைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த ஒழுங்கு பெரிய காரணமாக இருந்திருக்கும். இதே தொடர் கோசாவில் ‘இன்ச்வாடி எண்டியிதெங்கிலேயோ’ என்று வரும். புத்தகம் முதலில் வந்துவிடுகிறது, அப்புறம் ஒரே சொல்லுக்குள் எந்த, நான், அதை, வாங்கினேன் எல்லாம் வரிசையாக அடுக்கப்படுகிறது. உங்கள் மனசு பின்னாலிருந்து முன்னால் நடக்கப் பழக வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சிக் கணக்கில் கொரியத்துக்கு 2200 மணி நேரம், கோசாவுக்கு அதில் பாதி, 1100 என்று இருக்கிறது. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்ட கணக்கு. தமிழ் பேசுகிறவருக்குக் கொரியம் இலக்கணத்தில் பாதி வழி வந்து நிற்கும் மொழி, கோசா அப்படி வராது.

கோசாவில் பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய 15 வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முன்னொட்டு. ‘உபுண்டு’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கணினி இயங்குதளத்துக்கே அந்தப் பெயர் உண்டு. ‘உம்ண்டு’ ஒரு மனிதர், ‘அபண்டு’ மனிதர்கள், ‘உபுண்டு’ மனிதத்தன்மை. வேர் ஒன்றுதான், தலை மட்டும் மாறுகிறது. தலை மாறினால் அந்தப் பெயரைச் சார்ந்த எல்லாமே மாறும்: ‘என்’ என்று சொல்ல, குழந்தைக்கு ‘வாம்’, குழந்தைகளுக்கு ‘பாம்’, பள்ளிக்கூடத்துக்கு ‘சாம்’, காருக்கு ‘யாம்’. வினையும் இப்படித்தான், மனிதர் போனால் ‘உயாஹம்பா’, மனிதர்கள் போனால் ‘பயாஹம்பா’. கடன் வாங்கிய சொல்லையும் விடமாட்டார்கள். ஸ்கூல் ‘இசிகோலோ’ ஆனது, முதலில் இருக்கும் ‘இசி’ அவர்கள் காதுக்கு முன்னொட்டு போலவே கேட்டதால் பன்மையில் அதையே ‘இஸி’ என்று அதிரவிட்டு மாற்றிக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மொழி மேல் பிரியம் கூடுகிறது.

கொரியத்தில் இந்த இயைபே கிடையாது. நான், நீ, அவள், அவர்கள் யார் போனாலும் ‘காயோ’தான். வகைப்படுத்தும் பழக்கம் அங்கே எண்ணும்போது மட்டும் தலைகாட்டும். காரை எண்ண ‘தே’, விலங்கை எண்ண ‘மாரி’, ஆட்களை எண்ண ‘மியோங்’ என்று தொழிற்சாலையில் கேட்டிருப்பீர்கள். கோசாவில் அந்த வகைப்பாடு ஒவ்வொரு வாக்கியத்திலும் நடக்கிறது. ஆனால் ‘அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது’ என்று சின்ன வயதிலிருந்தே பேசி வருகிறவர் நீங்கள், திணையும் பாலும் எண்ணும் வினையில் தெரிய வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து பாலுக்குப் பதில் பதினைந்து வகுப்பு, இறுதிக்குப் பதில் முதலில், அவ்வளவுதான். எந்தப் பெயர்ச்சொல்லையும் ஒருமை, பன்மை இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், தனியாகச் செய்தால் பின்னால் கஷ்டப்படுவீர்கள்.

வினைக்குள் ஒரு வசதி உண்டு. ‘ஃபுண்டா’ படி, ‘ஃபுண்டிசா’ படிப்பி. ‘போனா’ பார், ‘போனிசா’ காட்டு. கொரியத்தில் ‘போதா’, ‘போயிதா’. தமிழில் காண், காட்டு. மூன்று மொழியிலும் பின்னால் நடக்கும் வேலை இது. கோசாவிலும் கொரியத்திலும் பார்ப்பதற்கு ‘போ’ என்றே வருகிறதே என்று உறவு தேடக் கிளம்பாதீர்கள், தற்செயல்தான். தமிழ்-கொரியம் அம்மா, அப்பா, புல் ஒற்றுமைகளை வைத்துச் சுற்றும் பேச்சுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த உறவை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை.

சரி, ஒலிக்கு வருவோம். கொரியத்தில் ‘புல்’ என்பதை மெதுவாகச் சொன்னால் நெருப்பு, இறுக்கிச் சொன்னால் கொம்பு, மூச்சு விட்டுச் சொன்னால் புல். இதைப் பிரித்துக் கேட்க உங்கள் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. கோசாவில் அப்பாவுக்கு ‘டாட்டா’, ‘எடு’ என்பதற்கும் நம் எழுத்தில் எழுதினால் ‘டாட்டா’தான். முதலாவது மூச்சில்லாமல் தொண்டையை இறுக்கி வெடிக்கும், இரண்டாவது மூச்சோடு வரும், கொரியத்தின் மூச்சொலி ‘ட்’ போல. தமிழ் மட்டும் தெரிந்தவர் இங்கே மாதக்கணக்கில் தடுமாறுவார், நீங்கள் ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம்.

சொடுக்கொலிகளுக்குக் கொரியமும் உதவாது, ஆனால் அவை உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. கோசா ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. அதில் ‘சி’ எழுத்து, நாம் பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டும் சத்தம். ‘எக்ஸ்’, மாட்டை ஓட்டும்போது கடைவாய் ஓரத்தில் எழுப்பும் சத்தம். மொழியின் பெயரே அதில்தான் தொடங்குகிறது, ‘கோசா’ என்பது நம் வசதிக்கு எழுதுவது. ‘கியூ’, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘டொக்’ என்று இழுப்பது. தெற்கு ஆப்பிரிக்காவின் பழங்குடி மக்களான கொய், சான் மொழிகளிலிருந்து கோசாவுக்குள் வந்தவை இவை. தனியாகச் சொடுக்க எல்லோருக்கும் வரும், பேச்சுக்கு நடுவில் நிறுத்தாமல் சொடுக்குவதுதான் பாடு. அதனால் முன்னும் பின்னும் உயிர் வைத்து ‘அ-சொடுக்கு-அ’, ‘இ-சொடுக்கு-இ’ என்று தினம் பத்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் போகும் ஊரே நல்ல பயிற்சி. 2021-ல் போர்ட் எலிசபெத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள், புதிய பெயர் (Gqeberha) அதிரும் ‘டொக்’கில் தொடங்கி, ‘எபெ’ என்று நடந்து, கடைசியில் ‘அஃது’வில் வரும் ஆய்தம் போன்ற ஒலியும் ‘ஆ’வுமாக முடியும்.

சுருதியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ‘உயாஹம்பா’வில் முதல் ‘உ’ தாழ்ந்து வந்தால் நீ போகிறாய், உயர்ந்து வந்தால் அவர் போகிறார். எழுத்தில் வித்தியாசமே தெரியாது, ஆட்கள் பேசுவதைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மரியாதை விஷயத்தில் உங்களுக்குச் சிரமம் இராது. கொரிய மேலாளரைப் பெயர் சொல்லாமல் ‘குவாஜங்-நிம்’ என்றிருப்பீர்கள். கோசாவில் வினைமுடிவை மாற்ற வேண்டாம், உறவுமுறையே போதும். வயதானவர் டாட்டா, மாமா (இது அம்மா!), உங்கள் வயதுக்காரர் ஆணானால் பூட்டி, பெண்ணானால் சிசி. கல்யாணமான பெண் மாமனார் பெயரில் உள்ள அசைகளைக்கூட வாயில் எடுக்காத ‘ஹ்லோனிபா’ என்ற வழக்கமும் உண்டு. புருஷன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். இப்படித் தவிர்த்த அசைகளுக்கு மாற்றாகவே சொடுக்கொலிகள் அதிகம் உள்ளே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

முதல் நாள் வாசலில் செக்யூரிட்டியாக ஒரு பெரியவர் நின்றால் ‘மோலோ, டாட்டா’ என்று சொல்லுங்கள், பலர் நின்றால் ‘மோல்வேனி’. சொல்லிவிட்டு நடந்துவிடாதீர்கள். ‘உன்ஜானி?’, எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்பார், ‘ண்டிபிலிலே’, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி, அவரையும் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.