அப்பா பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை: கையெழுத்துக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எங்கள் அப்பா கால்நடை மருத்துவர். எலும்பு அறுவை சிகிச்சையில்தான் அவருக்கு உயிர். அவர் விட்டுச்சென்ற பணத்தில், அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கால்நடை எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் அவர் பெயரில் ஒரு நிரந்தரப் பேராசிரியர் இருக்கை அமைக்க நானும் தங்கையும் விரும்புகிறோம். பல்கலைக்கழகம் அனுப்பிய ஒப்பந்த வரைவில், பணம் ‘பேராசிரியரின் பணிக்கு ஆதரவாக’ பயன்படும் என்று ஒரே வரிதான் இருக்கிறது. இது போதுமா? பணம் உண்மையில் எங்கே போகும்?

பதில்: போதாது. நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பணத்தை எதற்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம்.

முதலில் பணம் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். நீங்கள் கொடுக்கும் அசலைத் தொடமாட்டார்கள். அது முதலீட்டில் இருக்கும். ஆண்டுதோறும் அதில் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம் மட்டுமே செலவுக்கு எடுப்பார்கள். மீதி வருமானம் அசலோடு சேர்ந்து விலைவாசி ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கும். ஆக, ஒரு கோடி கொடுத்தால் ஆண்டுக்கு நாலைந்து லட்சம், அதிலும் நிர்வாகக் கட்டணம் கழியலாம். சந்தை விழுந்த ஆண்டில் வரவு சட்டென்று குறைந்துவிடக் கூடாது என்பதால், சில ஆண்டுகளின் சராசரி மதிப்பை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் இதே ஏற்பாடுதான். ஹென்றி லூக்கஸ் என்பவரின் உயிலால் 1663இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கணிதப் பேராசிரியர் பதவி இன்றுவரை நடக்கிறது. நியூட்டனும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் வகித்த பதவி அது. ஒழுங்காக அமைத்தால் இருக்கை அத்தனை காலம் நிற்கும்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்தப் பேராசிரியருக்கு இன்று யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? பல்கலைக்கழகம் ஏற்கெனவே கொடுத்துவரும் சம்பளத்தின் இடத்தில் உங்கள் பணம் போய் உட்கார்ந்தால், துறைக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. அப்பா பெயர் பலகையில் ஏறும், அவ்வளவுதான். ‘தற்போதைய சம்பளத்துக்கு மாற்றாக அல்ல, அதற்கு மேலாக’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எதற்குத்தான் செலவாக வேண்டும்? என்னைக் கேட்டால், நேரத்துக்கு. எலும்பு அறுவை நிபுணர்களுக்குத் தனியார் மருத்துவமனைகளில் வருமானம் மிக அதிகம். பல்கலைக்கழகத்தில் தங்குகிறவர்கள் ஆராய்ச்சிக்காகவும் கற்பித்தலுக்காகவும்தான் தங்குகிறார்கள். ஆனால் அங்கேயும் காலையில் இருந்து மாலை வரை அறுவை அரங்கம், அப்புறம் அவசர முறிவுகள். ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது இரவுதான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அவரை அரங்கத்தில் இருந்து விடுவித்து, அந்த நாட்களுக்கு இன்னொரு அறுவை மருத்துவரை அமர்த்த உங்கள் பணம் பயன்பட்டால், அதுதான் பெரிய கொடை.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். முழங்கால் ஜவ்வு கிழிந்த நாய்க்கு எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் அறுவை செய்து சுமார் எட்டு வாரத்தில் எக்ஸ்ரே எடுக்கிறோம். எலும்பு கூடிவிட்டது, உரிமையாளர் மகிழ்ச்சியோடு போகிறார். ஆனால் மூட்டுத் தேய்மானம் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். பல நாய்களுக்கு மறுகால் ஜவ்வும் கிழியும். அது தெரிய வேண்டுமானால் அதே நாயை ஆண்டுதோறும் வரவழைக்க வேண்டும். ஒவ்வொரு காலும் எவ்வளவு பாரம் ஊன்றுகிறது என்று அளக்கும், தரையில் பதித்த விசைத் தட்டின் மேல் அதை ஒரே சீரான வேகத்தில், தலை திருப்பாமல் நடக்கவைக்க வேண்டும். வேகம் மாறினால் அந்த நடை கணக்கில் சேராது, திரும்ப நடக்க வேண்டும். நலமாக இருக்கும் நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்களில் தாங்கும். பின்னங்காலில் வலி இருந்தால் இந்தப் பங்கு மாறுவதைத் தட்டு காட்டிக்கொடுக்கும். ‘இப்போது நன்றாக நடக்கிறான்’ என்று பாசத்தோடு சொல்லும் உரிமையாளரின் கண்ணுக்கும், ஏன், மருத்துவர்களான எங்கள் கண்ணுக்கும்கூட இது தப்பிவிடும். ஓரிரண்டு ஆண்டில் முடிந்துவிடும் ஆராய்ச்சி மானியத்தில் இதைச் செய்ய முடியாது. நிரந்தர இருக்கையால் முடியும்.

அடுத்தது, பொருளை எவ்வளவு குறுக்கலாம் என்பது. அப்பாவுக்கு முறிவு சிகிச்சை பிடிக்கும் என்பதால் ‘முறிவுக்கு மட்டும்’ என்று எழுதத் தோன்றும். வேண்டாம். பார்பரோ என்ற பந்தயக் குதிரையின் கதை இதற்குப் போதுமான காரணம். 2006 மே மாதம் அமெரிக்காவின் புகழ்பெற்ற பிரீக்னஸ் குதிரைப் பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குதிரை அறுவை நிபுணர் டீன் ரிச்சர்ட்சன் தகடும் 27 திருகுகளும் வைத்துக் காலைச் சேர்த்தார். அப்போது அவர் வகித்த பதவியே, சார்லஸ் ரேக்கர் என்ற மூத்த குதிரை அறுவை நிபுணரின் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவிதான். ஆனால் பாரம் முழுக்க மறுகாலில் விழுந்ததால் அந்தக் குளம்பில் லாமினைட்டிஸ் என்ற, குளம்பின் உள்திசு அழற்சியுற்றுச் சிதையும் நோய் வந்தது, பின்பு முன்கால்களுக்கும் வந்தது. 2007 ஜனவரி 29 அன்று குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. முறிவை மட்டும் பார்க்கச் சொல்லும் ஒப்பந்தமாக இருந்தால், அந்தக் குதிரையின் உயிரை எடுத்த நோயை ஆராய அதில் இடமே இருந்திருக்காது. பிறகு அதன் உரிமையாளர்கள் குதிரை நோய் ஆராய்ச்சிக்கென ஓர் இருக்கையை ரிச்சர்ட்சன் பெயரில் நிறுவினார்கள். பொருளை எத்தனை அகலமாக வைத்தார்கள் பாருங்கள்! ‘விலங்குகளின் எலும்பு, மூட்டு, அசைவு தொடர்பான அறுவை சிகிச்சையும் ஆராய்ச்சியும்’ என்ற அளவில் நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும். பின்னாளில் அதுவும் பொருந்தாமல் போனால் நெருங்கிய துறைக்கு மாற்றலாம் என்று ஒரு விதியும் சேருங்கள்.

யாரை அமர்த்துவது என்பதில் மட்டும் தலையிட நினைக்காதீர்கள். தகுதி என்ன என்று சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது. நல்ல பல்கலைக்கழகம் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. அதற்குப் பதிலாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு, ஆண்டுதோறும் வரவுசெலவும் பணி அறிக்கையும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். இருக்கை காலியாக இருக்கும் காலத்தில் அந்த வருமானம் அசலில் சேருமா, வேறு எங்காவது போகுமா என்பதையும் கேட்டு எழுதவையுங்கள். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நல்ல அறுவை நிபுணர் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம், அதுவரை பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடக் கூடாது.

உங்கள் தொகை இருக்கைக்கான குறைந்தபட்ச வரம்பை எட்டவில்லை என்றால் கடன் வாங்கி நிரப்ப வேண்டாம். தவணையில் கொடுக்கப் பல இடங்களில் வழி உண்டு. இல்லையென்றால், மூன்றாண்டு சிறப்புப் பயிற்சி எடுக்கும் ஓர் இளம் அறுவை மருத்துவருக்கான உதவித்தொகையை அப்பா பெயரில் வையுங்கள். அதற்குத் தேவைப்படும் அசல் இருக்கையைவிடக் குறைவு. ஓர் ஆள் பயிற்சி முடித்ததும் அடுத்தவர் வருவார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரைவைக் கல்லூரி முதல்வருக்குத் திருப்பி அனுப்பி, ஆராய்ச்சிக்கு வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்குவார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.