முத்துச்சரச் செடியும் கொழும்பு ஈரமும்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, முத்துச்சரத்தின் (ஸ்ட்ரிங் ஒஃப் பேர்ள்ஸ்) மணி மணியான இலைகள் வெளிறி, தொட்டால் கூழாகின்றன. கிழமைக்கு ஒருக்கா மட்டும்தான் தண்ணீர் விடுகிறேன்.

கிழமைக் கணக்கை முதலில் விடுங்கள். தென்னாபிரிக்காவின் வறண்ட பகுதிகளில் புதர் நிழலில் தரையோடு படர்கிற செடி இது. இங்கே காற்றிலேயே ஈரம். ஒக்டோபர், நவம்பர் மழையில் சாடியின் அடிமண் லேசில் காயாது. ஒரு மணியைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள்: பூனைக் கண் போல ஒரு கரும்பச்சைக் கோடு தெரியும். அதன் வழியாகத்தான் வெளிச்சம் மணிக்குள் போகிறது. தாகம் வந்தால் கோடு ஒடுங்கும், மணியும் சுருங்கும். அப்போது சாடித் துளையால் வழிகிற அளவுக்கு விடுங்கள். கோடு விரிந்திருக்கும்வரை போத்தலைத் தொட வேண்டாம்.

கூழானது கூழானதுதான். நல்ல நுனிகளை வெட்டி, வெட்டுவாய் ஓரிரு நாள் காய்ந்தபின் புது மண்ணின் மேல் சுருட்டிப் படுக்க வையுங்கள். மண்ணில் படுகிற கணுக்களில் வேர் விடும். தலைமுடிக் கிளிப்பால் அழுத்தி வைத்தால் நகராது.

தெஹிவளை: வாங்கின மண்ணிலேயே விடலாமா?

அது வெறும் தும்புத்தூள் என்றால் மாற்றுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி சிறு சல்லி, நொறுக்கிய செங்கல், கரி எது கிடைத்தாலும் கலக்கலாம். கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பு. (தெஹிவளை என்றபடியால் சொல்கிறேன்!) ஆழமில்லாத மண்சாடி நல்லது. மண் விளிம்புக்குக் கிட்ட நிற்கட்டும். பள்ளமாக இருந்தால் மேற்பக்கம் காற்றோட்டமில்லாமல் அழுகும்.

கொட்டாஞ்சேனை: சரம் கீழே வடிவாகத் தொங்குகிறது, மேலே மொட்டை. ஏன் அக்கா?

கூரையோடு ஒட்டி மாட்டியிருக்கிறீர்கள் போல. யன்னல் வெளிச்சம் கீழே விழுகிறது, தலைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. யன்னல் மட்டத்துக்கு இறக்குங்கள். காலை வெயில் வரும் கிழக்கு யன்னல் என்றால் யோகம். மேற்கு யன்னலின் பின்னேர வெயில் மணிகளைச் சுட்டுவிடும், திரை போடுங்கள். அப்புறம், நீண்ட சரம் ஒன்றைத் தூக்கி மொட்டை இடத்தில் சுருட்டி வைத்தால் அங்கேயே வேர் பிடிக்கும்.

கிருலப்பனை: வீட்டில் பூனை இருக்கிறது.

அப்படியென்றால் முத்துச்சரம் வேண்டாம். தின்றால் வாந்தி எடுக்கும். செடியின் பால் பட்டால் எங்கள் தோலுக்கும் எரிச்சல் வரலாம். மெக்சிக்கோவில் இருந்து வந்த டொங்கீஸ் டெயில் என்ற தொங்கு செடி பூனைக்கு ஆபத்தில்லை. ஆனால் தட்டினாலே இலை கொட்டும், உங்கள் பூனை தட்டாமல் இருக்காது. விழுந்த இலைகளை மண்ணில் போடுங்கள், முளைக்கும்.

வத்தளை: தண்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி...

மாவுப்பூச்சி. பார்மசி ஸ்பிரிட்டில் காதுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். அடுத்த கிழமையும் பாருங்கள், குஞ்சுகள் வந்திருக்கும்.

பம்பலப்பிட்டி: ஏசி அறையில் வைக்கலாமா?

தாராளமாக. குளிர்காற்று நேரே அடிக்காத இடமாகப் பாருங்கள், காணும்.