கலைப்பதற்காகவே தீட்டப்படும் ஓவியம்

கேள்வி: அமெரிக்க நவஹோ பழங்குடி ஓவியர்களின் படைப்புகளுக்கு வேர், சடங்குகளில் தீட்டப்படும் மணலோவியமே என்றும், அது சடங்கு முடிந்ததும் கலைக்கப்பட்டுவிடும் என்றும் படித்தேன். கலைய வேண்டியதை நிலையாக வரைந்து வைப்பது அந்த நம்பிக்கைக்கே முரண் இல்லையா?

பதில்: முரண்தான். நவஹோ மக்களும் அப்படித்தான் கருதினார்கள்; இன்றும் அவர்களில் பலருக்கு அந்த உறுத்தல் உண்டு.

மணலோவியத்துக்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயருக்கு, தெய்வங்கள் வந்துபோகும் இடம் என்று பொருள். நோயுற்றவருக்காக நடத்தப்படும் சடங்கில், ஹோகன் எனப்படும் வட்ட வடிவ வீட்டின் தரையில் மணலைப் பரப்பி, 'ஹடாலி' என்ற பாடகர்-வைத்தியரும் அவருடைய உதவியாளர்களும் அதைத் தீட்டுவார்கள். அரைத்த மணற்கல், கரி, பூந்தாது போன்றவற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நூல்போல் வழியவிட்டுக் கோடிழுப்பார்கள். பல ஓவியங்களில் வானவில் தெய்வம் மூன்று பக்கம் காவலாக வளைந்திருக்க, கிழக்கு மட்டும் திறந்திருக்கும். பிறகு நோயாளி அந்த ஓவியத்தின் மீதே அமர்வார். தெய்வ உருவங்களின் மணல் அவர் உடலில் ஒற்றப்படும். கடைசியில் மணல் முழுவதையும் அள்ளி வெளியே கொண்டுபோய்விடுவார்கள். 'ஹோஜோ' என்று அவர்கள் சொல்லும் நிலையை, அதாவது அழகும் நலமும் இசைவும் ஒன்றாகிய நிலையை, அவருக்கு மீட்டுத் தருவதே இத்தனைக்கும் நோக்கம். வேலை முடிந்த ஓவியத்துக்கு அதன்பின் அங்கே இடமில்லை.

இந்தக் கட்டுப்பாட்டை வெளிப்படையாக மீறியவர் ஹோஸ்டீன் க்லா (1867–1937). அவரே பெரிய ஹடாலி, தேர்ந்த நெசவாளரும்கூட. சடங்கு ஓவியங்களை அவர் கம்பளங்களில் நெய்யத் தொடங்கியபோது, அவருக்குப் பார்வை போய்விடும் என்று சுற்றியிருந்தவர்கள் அஞ்சினார்கள். தமக்குப் பின் இந்த அறிவைச் சுமக்க ஆளில்லாமல் போகும் என்பதே அவருடைய கவலையாக இருந்தது. மேரி கபோட் வீல்ரைட் என்ற செல்வந்தப் பெண்மணியோடு சேர்ந்து அவர் திட்டமிட்ட அருங்காட்சியகம், ஹோகன் வடிவிலேயே 1937இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சான்டா ஃபே நகரில் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1977இல் அந்த நிறுவனம் தன்னிடமிருந்த புனித மருந்து முடிப்புகளை (சடங்குப் பொருள்களைக் கட்டிவைத்த பொதிகளை) நவஹோ மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. காப்பாற்றுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு என்பதை அருங்காட்சியகங்கள் பொதுவாக இவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

பின்வந்தவர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். விற்பனைக்கான மணலோவியத்தில் ஒரு நிறத்தை மாற்றுவார்கள், அல்லது ஓர் உறுப்பை விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது தெய்வத்தை அழைக்காது என்பது கருத்து. வெளியார் பார்வைக்குப் பிழைபோலத் தெரியும் இந்த மாற்றத்தைத்தான் நான் பக்தியின் அடையாளமாகக் காண்கிறேன்.

கேள்வி: நவஹோ ஓவியர் ஆர். சி. கோர்மன் போர்வை போர்த்திய பெண்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். அதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

பதில்: அவரை நேரடியான சமய ஓவியர் என்று சொல்ல முடியாதுதான். அரிசோனாவின் சின்லியில் 1931இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நவஹோ மொழியைச் சங்கேத மொழியாக்கிய முதல் 29 வீரர்களுள் ஒருவரான கார்ல் கோர்மனின் மகன். அந்தத் தந்தையும் ஓவியரே. மகன் நவஹோ நிர்வாகத்தின் உதவித்தொகையில் மெக்சிகோ சென்று பயின்றார்; அங்கே மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவின் படைப்புகளில் கண்ட பருத்த, உறுதியான உடல்கள் அவரை ஈர்த்தன. 1968இல் நியூ மெக்சிகோவின் டாவோஸ் (Taos) ஊரில் சொந்தக் கலைக்கூடம் திறந்து, 2005இல் மறையும்வரை அந்தப் பெண்களை வரைந்தார்.

நவஹோ சமூகத்தில் குலம் தாய்வழியே வருகிறது. முதல் குலங்களைத் தன் உடலிலிருந்தே படைத்தவள் 'மாறும் பெண்' என்னும் தெய்வம் என்பது அவர்களின் ஐதீகம். கோர்மன் அவளைத்தான் வரைந்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐதீகத்தைக் கேட்டு வளர்ந்தவரின் கோடு, மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை மலைபோல ஆக்குவதில் எனக்கு வியப்பில்லை. அவருடைய பெண்கள் பலர் வெறுங்காலோடு, அகன்ற பாதங்களைத் தரையில் ஊன்றியிருப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது, முகத்தை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.