எண்ணெயா, கிரீஸா? லைசென்ஸ் துப்பாக்கிப் பராமரிப்பு: வாசகர் கேள்விகள்

கே: என்னிடம் லைசென்ஸ் பெற்ற .32 பிஸ்டல் இருக்கிறது. எண்ணெய் விட்டால் போதும் என்கிறார் ஒருவர். எண்ணெய் வழிந்து போய்விடும், கிரீஸ்தான் நிற்கும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பாலக்கோடு

வண்டி அச்சுக்கு வண்டி மையும் தையல் மிஷினுக்கு எண்ணெயும் போட்டுப் பழகிய வீடுகளுக்கு இது புதிய கேள்வி அல்ல. அச்சில் பாரம் அதிகம், அங்கே மை உட்கார்ந்திருக்க வேண்டும். தையல் மிஷினில் இடுக்குகள் அதிகம், அங்கே எண்ணெய் ஊர்ந்து உள்ளே போக வேண்டும். பிஸ்டலில் இரண்டு வகை இடங்களும் இருப்பதால்தான் இரண்டு பேரும் பாதி சரியாகச் சொல்கிறார்கள்.

கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய்தான். லித்தியம் அல்லது கால்சியம் சோப்பு அந்த எண்ணெயைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருந்து, உரசும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆகவே வழுக்கி ஓடும் பரப்புகளுக்குக் கிரீஸ், சின்ன அச்சில் சுழலும் பாகங்களுக்கு எண்ணெய் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிஸ்டலில் கிரீஸ் கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடு ஓடும் ரெயில்கள், குழல் ஸ்லைடோடு உரசி உரசிப் பளபளப்பாகிவிட்ட இடங்கள், அவ்வளவுதான். டிரிகர், சுத்தி (ஹாமர்), சேஃப்டி ஆகியவற்றின் அச்சுகளுக்கெல்லாம் எண்ணெய், அதுவும் இடத்துக்கு ஒரு சொட்டு.

வேலையைத் தொடங்குமுன், தோட்டா அடுக்கும் மேகசினை வெளியே எடுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் (சேம்பர்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் பூட்டி வையுங்கள். மேகசினை எடுத்துவிட்டோம், துப்பாக்கி காலி என்று நினைப்பது ஆளைக் கொல்லும் தவறு. அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தால் மேகசின் இல்லாமலும் பல பிஸ்டல்கள் வெடிக்கும்.

பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் கழற்றுங்கள். பழைய எண்ணெயையும் கிரீஸையும் முழுதாகத் துடைத்து எடுங்கள். பழையதன் மேல் புதியதைப் பூசினால், உள்ளே இருக்கும் கரியும் பொடியும் அப்படியே தங்கி அரைக்கும். ஒவ்வொரு ரெயிலுக்கும் கடுகளவு கிரீஸ் எடுத்துப் பல்குத்தும் குச்சியால் மெல்லிய படலமாக இழுத்து விடுங்கள். உலோகம் நனைந்தாற்போல் தெரிய வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அதிகம். குழலின் வெளிப்புறத்தில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல் போதும். மாட்டிய பின் ஸ்லைடைப் பத்து முறை இழுத்து விட்டு, ஓரங்களில் பிதுங்கி வருவதைத் துடைத்துவிடுங்கள்.

எங்கே போடக் கூடாது என்பது இதைவிட முக்கியம். தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளை உலர்வாக இருக்க வேண்டும். அங்கே கிரீஸோ கெட்டி எண்ணெயோ தேங்கினால் அந்த ஊசி மெத்தையில் மோதியது போல வேகம் குறைந்து போகும். தோட்டாவின் அடியில் லேசான பள்ளம் விழும், வெடிக்காது. மேகசினின் உட்புறம், தோட்டா அமரும் அறை, தோட்டா ஏறிப் போகும் சரிவு ஆகியவையும் உலர்வாகவே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணி மேல் வாய் கீழாக ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் துணியில் பெரிய கறை இருந்தால் நீங்கள் விட்டது அதிகம்.

கிரீஸ் வாங்கும்போது டப்பாவில் என்.எல்.ஜி.ஐ எண்ணைப் பாருங்கள். எண் கூடக் கூடக் கெட்டி. பிஸ்டலுக்கு 0 முதல் 2 வரை சரி. டிராக்டருக்கு வாங்கும் ஏ.பி.3 கிரீஸ் வேண்டாம். அது பேரிங்குக்குள் அடைத்து வைக்க வேண்டிய கெட்டி. சின்ன ஸ்பிரிங் தள்ளும் ஸ்லைடுக்கு அது சுமைதான்.

கே: கான்பூர் தயாரிப்பு .32 ரிவால்வர். பல வருடமாகத் தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். மார்கழி, தையில் டிரிகர் கனமாகிறது, சிலிண்டரும் முரண்டு பிடிக்கிறது. கிரீஸுக்கு மாறலாமா?
– வாசகர், ஓசூர்

கிரீஸ் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். குளிர் காலத்தில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் என்ன நடக்கிறதோ, அதுவேதான் ரிவால்வருக்குள்ளும் நடக்கிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். ஓசூர் மேட்டு நிலம், அங்கே மார்கழி இரவு அதைவிட நன்றாகவே கீழே இறங்கும். வெயில் காலத்தில் சரியாகிவிடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படித்தான். பல வருடப் பிசின் சுத்தியின் அச்சில் இறுகியிருக்கும். ரிவால்வரைப் பிரித்து அதை எடுப்பது லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் உள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் திறந்து ஒரு ஸ்பிரிங் தெறித்துப் போனால் அந்த அளவுக்கு வேறு கிடைப்பது கஷ்டம். ஆயுதச் சட்டப்படி மற்றவர் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாதவர் ரிப்பேர் செய்வதும் குற்றம், தெரிந்த லேத் பட்டறையிலும் கொடுக்காதீர்கள்.

சிலிண்டர் முரண்டு பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்களுடையது நடுவில் மடித்துத் திறக்கும், வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் வழி வந்த அமைப்பு. திறக்கும்போது காலி உறைகளைத் தூக்கித் தள்ளும் நட்சத்திரத் தகடு மேலே எழும்பும். அதற்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் நாலைந்து சிக்கினாலே தகடு சரியாக உட்காராது, சிலிண்டர் பின்புறம் உரசும். அங்கே எண்ணெய் விட்டால் துகள் இன்னும் ஒட்டிக்கொள்ளும். ரிவால்வரைக் காலி செய்து, தகடு எழும்பி நிற்கும் அளவுக்குப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அடிப்புறத்தை உலர்வாகத் தேய்த்து எடுங்கள்.

சுத்தம் ஆனபின் மடிப்புக் கீலில் ஒன்று, மேல் தாழ்ப்பாளில் ஒன்று, சிலிண்டர் சுழலும் அச்சின் முன்பக்கம் ஒன்று, சுத்தி, டிரிகர் பக்கவாட்டில் ஒவ்வொன்று என ஐந்து சொட்டு துப்பாக்கி எண்ணெய் போதும். அது கிடைக்காத ஊரில் புதிய தையல் மிஷின் எண்ணெய் சமாளிக்கும். ஆனால் மெல்லியது, சீக்கிரம் வழியும், துருவைத் தடுப்பதும் குறைவு. மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கும். வண்டியில் இருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் கரியும் அமிலமும் இருக்கும், தொடவே வேண்டாம். டபிள்யூ.டி-40 பலரும் நினைப்பது போல மசகு எண்ணெயாகப் பிறந்ததல்ல. 1953இல் ராக்கெட் உடலில் துருப் பிடிக்காமல் ஈரத்தை விரட்டச் செய்தது. மழையில் நனைந்த துப்பாக்கியின் ஈரத்தை விரட்ட உதவும். அதைத் துடைத்துவிட்டு நிஜ எண்ணெய் போட வேண்டும்.

கே: கிரானைட் குவாரிக்குத் தினமும் போய் வருகிறேன். பிஸ்டல் இடுப்பில் இருக்கும். நன்றாக எண்ணெய் விட்டும் ஸ்லைடு கரகரக்கிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

நன்றாக விட்டதால்தான் கரகரக்கிறது. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மையில் அது 7, சாதாரண எஃகைக் கீறிவிடும். ஈரமான எண்ணெயில் அந்தத் தூள் ஒட்டினால் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட் மாதிரியே ஆகிவிடும். ரெயிலின் மேல் பூச்சு தேய்ந்து வெள்ளை எஃகு தெரிகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்குக் கிரீஸைவிட மிகக் குறைவான எண்ணெயே நல்லது. தூசியைக் கிரீஸும் பிடிக்கும், பிடித்ததை எண்ணெய் போல வழிந்து கொண்டுபோகாமல் அங்கேயே வைத்துக்கொள்ளும். எண்ணெய் தொட்ட துணியால் ரெயிலைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி ஒரு முறை துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சும் படலம் போதும். குவாரிக்குப் போகும் நாட்களில் வாரம் ஒரு முறை கழற்றித் துடையுங்கள். மூடிய உறையில் வையுங்கள். சித்திரை வெயிலில் வியர்வை உப்பு பட்ட இடத்தில் ஒரே இரவில் துருப் புள்ளி வரும், வீட்டுக்கு வந்ததும் வெளிப்புறத்தைத் துடைப்பதை ஒரு நாளும் விடாதீர்கள்.

கே: தேர்தலுக்காக ஒப்படைத்த ரிவால்வரைத் திரும்ப வாங்கும்போது குழலுக்குள் செம்புள்ளிகள். அடுத்த முறை உள்ளே கிரீஸ் அடைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், தர்மபுரி

அடைக்கவே கூடாது. திரும்பி வந்ததும் யாராவது அவசரத்தில் சுட்டால், குழலில் அடைத்திருக்கும் கிரீஸ் தோட்டாவுக்குத் தடையாகிக் குழல் வீங்கவும் பிளக்கவும் கூடும். மெல்லிய படலம் போதும். வெண்கல பிரஷ்ஷும் கரியைக் கரைக்கும் சால்வென்ட்டும் கொண்டு குழலைச் சுத்தம் செய்து, பருத்தித் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கடைசியாக இரண்டு மூன்று சொட்டு துருத்தடுப்பு எண்ணெய் தோய்ந்த துணியை ஒரு முறை இழுத்து விடுங்கள். சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் அப்படியே. வெளிப்புறம் தடவிய பின் வெறும் விரல் படக் கூடாது.

தோல் உறையோடு கொடுக்காதீர்கள். தோல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ரிவால்வர் தோல் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும், சுடுமுன், குழலிலும் அறைகளிலும் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள்.

இப்போது இருக்கும் செம்புள்ளிகளை எண்ணெய் ஊறவிட்டு வெண்கல பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். வெளிப்புறத் துருவுக்குப் புளி, எலுமிச்சை, செங்கல் பொடி எதையும் எடுக்காதீர்கள். பித்தளைக் குடத்துக்குச் சரி. துப்பாக்கியின் நீலக் கறுப்புப் பூச்சை அமிலம் துருவோடு சேர்த்துத் தின்றுவிடும், அதன்பின் முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

கே: வங்கிக் காவலுக்கு 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். திறக்கும்போது கீல் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் நிற்பதில்லை.
– முன்னாள் ராணுவ வீரர், அரூர்

இங்கே கிரீஸ்தான் சரி. இரண்டு குழலின் பாரமும் சுடும் அதிர்வும் அந்தக் கீலில்தான் இறங்குகிறது. குழலைக் கழற்றி, பட்டாளத்தில் சிந்தி என்பார்களே, அந்தத் துணியால் பழையதைத் துடைத்துவிட்டு, கீல் முள்ளிலும் முன்கட்டை உரசும் வளைவிலும் அரிசி அளவு வையுங்கள். மரக்கட்டையில் எண்ணெய் இறங்க விடாதீர்கள், வருடக்கணக்கில் இறங்கினால் கட்டை கறுத்து மெத்தென்று ஆகிவிடும். நிறுத்தி வைக்கும் ரேக்கில் முதல் நாள் மட்டும் வாய் கீழாக வைத்தால் மிச்சம் வடிந்துவிடும்.

கே: தோட்டாக்கள் கறுத்து வருகின்றன. கொஞ்சம் எண்ணெய் தடவி வைக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

கூடாது. ஊடுருவும் எண்ணெய் அடியில் உள்ள, ஊசி குத்தியதும் முதலில் பற்றும் பிரைமரின் விளிம்பு வழியே உள்ளே போய் மருந்தைச் செயலிழக்கச் செய்யும். தோட்டா உறையின் மேல் எண்ணெய் இருந்தால் சுடும்போது உறை அறைச் சுவரைப் பிடிக்காமல் பின்னால் வழுக்கி, பின்பக்கத்தை அதிக வேகத்தில் மோதும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள்.

பச்சை பூத்த தோட்டாவைச் சுட வேண்டாம், வியாபாரியிடம் காட்டுங்கள். சுடும்போது வெடிக்காத தோட்டா இருந்தால் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 வினாடி பொறுத்து, பிறகு திறங்கள். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும்.