மதுரையில் எம்.எஸ்சி. கணினி அறிவியல் படித்தால் வேலை கிடைக்குமா? எதைப் பார்த்துச் சேர்வது?

ஊர் உசிலம்பட்டி, பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தாயிற்று, காமராசர் பல்கலைக்கழகத் துறையிலேயே எம்.எஸ்சி. சேர்வதா, மதுரைக்குள் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் எம்.சி.ஏ. படித்தவன். இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தில் புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ எடுக்கும் பொறுப்பும் உண்டு. அதனால் ஒன்று சொல்கிறேன்: எங்கே சேர்ந்தாலும் நான்காவது செமஸ்டரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

முதல் மூன்று செமஸ்டர் பாடங்கள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டில்தான் சாயம் வெளுக்கும். மதுரையில் ப்ராஜெக்ட் சென்டர்களுக்குப் பஞ்சமில்லை. பணம் கட்டினால் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் கைக்கு வந்துவிடும். வைவாவில் என்ன கேட்பார்கள் என்று பயிற்சியும் கொடுப்பார்கள். அப்படி வாங்கியவரை எங்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். "டேட்டாபேஸில் இந்த டேபிளை ஏன் இரண்டாகப் பிரித்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. அதே சமயம், ஒரு சின்ன நிறுவனத்தில் சில மாதம் நிஜமாக உட்கார்ந்து பில்லிங் சாஃப்ட்வேரில் பிழை திருத்தியவர் சரளமாகப் பேசுவார். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் எனக்கு அவர் போதும்.

ஆகவே ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். அலுவலகத்தில் விசாரிப்பதைவிட கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர்களைப் பிடிப்பது நல்லது. ப்ராஜெக்ட் எங்கே செய்கிறார்கள், வழிகாட்டும் ஆசிரியர் வாராவாரம் பார்க்கிறாரா, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், மற்றதெல்லாம் கௌரவ விரிவுரையாளர்களா என்று கேளுங்கள். பாதிப் பேர் ஒரே சென்டரின் பெயரைச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

பிளேஸ்மென்ட் பற்றி வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸை நம்ப வேண்டாம். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். அதில் இரண்டு வருட முதுநிலைப் படிப்புக்கு எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன என்று தனியாக இருக்கும். கணினி மட்டுமல்ல, வேதியியல், பொருளாதாரம் எல்லாம் சேர்ந்த கணக்குதான், ஆனாலும் ஃபிளெக்ஸோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஊதியிருக்கிறார்கள் என்று பிடிபடும். பிறகு லிங்க்ட்இன்னில் இரண்டு வருடம் முன்பு முடித்தவர்களைத் தேடுங்கள், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால், பி.எஸ்சி.க்குக் கதவு திறக்காத பல இடங்கள் எம்.எஸ்சி.க்குத் திறக்கும். டி.சி.எஸ். நிறுவனம் ஆள் எடுக்க நடத்தும் என்.க்யூ.டி. மாதிரித் தேர்வுகளில் பி.இ., எம்.சி.ஏ.வோடு எம்.எஸ்சி.யும் எழுதலாம். இந்தப் படிப்பின் பெரிய லாபமே இதுதான் என்பேன். எம்.சி.ஏ.வும் 2020 முதல் இரண்டே வருடம்தான், அதையும் யோசியுங்கள். கல்லூரியில் பாடம் நடத்த ஆசை இருந்தால் எம்.எஸ்சி.யோடு நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சி தேவைப்படும், முதல் வருடமே படிக்க ஆரம்பியுங்கள். உள்ளூரிலேயே வேலை வேண்டுமென்றால் இலந்தைக்குளம், வடபழஞ்சியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த ஐ.டி. வளாகங்கள் இருக்கின்றன. ஆனால் என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போனார்கள். அதற்கு வீட்டை இப்போதே தயார் செய்து வையுங்கள்.

விசாரித்தபின் இரண்டும் சமமாகத் தோன்றினால் நான் பல்கலைக்கழகத்தைத்தான் சொல்வேன். உசிலம்பட்டியிலிருந்து தேனி ரோட்டிலேயே வந்து இறங்கிவிடலாம், ஊருக்குள் நெரிசலில் சிக்க வேண்டாம். மிச்சமாகும் நேரத்தில் தினமும் நாலு எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) கணக்கு போடுங்கள், அதில் இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின் தெரியாமல் வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம்.